சொல் இருக்கும் இடம்

யாழ்ப்பாணத்தில் பாடசாலை நடத்திவந்த ஆறுமுக நாவலர், 1849-இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்கு வந்தார். ஊர் திரும்பும் முன், சென்னையில் தங்கியிருந்தபோதே இரண்டு நூல்களை அச்சிட்டார். ஒன்று சௌந்தரியலகரி உரை. மற்றொன்று சூடாமணி நிகண்டு உரை. பிள்ளைகளின் படிப்புக்காக அச்சுத் தொழிலில் இறங்கிய ஒருவர், தொடக்கத்திலேயே ஒரு சொற்தொகுப்பைக் கையில் எடுத்தார் என்பது அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது. அன்று தமிழ் படித்தவர் என்றால் நிகண்டு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, சதகங்கள், அவற்றோடு நிகண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொற்கள் கண்ணால் படிக்கப்படவில்லை. காதால் வாங்கி, வாயால் உருப்போட்டு, நினைவில் அடுக்கி வைக்கப்பட்டன.

சூடாமணி நிகண்டை இயற்றியவர் மண்டலபுருடர். சமணர். நூல் முழுவதும் விருத்தப்பா. பன்னிரண்டு தொகுதிகளில் முதல் பத்தும் உலகத்தையே வகுத்து வைத்தவை: தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி. பதினொன்றாவது தொகுதி ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்லும். அதில் சொற்கள் எதுகைப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சொல்லைத் தேடுகிறவர் அதன் இரண்டாம் எழுத்தின் ஓசையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பக்கம் புரட்டிப் பார்க்கிற புத்தகம் அல்ல அது. பாட்டை ஓடவிட்டால் சொல் தானாக வந்து நிற்கும்.

இந்த முறையை இன்றைக்குக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலுக்கு ஆழி, பரவை, புணரி, முந்நீர், ஆர்கலி, பௌவம் என்று ஒரு மூச்சில் சொல்லத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பையனின் காதில் தமிழின் ஓசை முழுவதும் ஏறியிருந்தது. அவனே நாளைக்குச் செய்யுள் எழுத உட்கார்ந்தால், எதுகைக்கு எந்தப் பெயர் பொருந்தும், சீருக்கு எந்தப் பெயர் நிற்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. நிகண்டு புலவனுக்காக ஏற்பட்ட கருவி. அந்த வேலையை அது நிறைவாகச் செய்தது.

ஆனால் நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பவை எவை? அதே பொருள் தரும் மற்றச் சொற்கள். ஆழிக்குப் பக்கத்தில் பரவை நிற்கும். ஆழி எந்த வாக்கியத்தில் எப்படி வரும் என்பது அங்கே இல்லை. ஒரே பொருள் என்ற கூரையின்கீழ் எல்லாச் சொற்களும் சமமாக நின்றன. சொல்லுக்கு இனம் இருந்தது, சுற்றுப்புறம் இல்லை.

வியப்பு என்னவென்றால், சுற்றுப்புறத்தைப் பற்றிய அறிவு தமிழில் நிகண்டுகளுக்கு மிகவும் முன்பே முற்றி இருந்தது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைத் திறந்தால் சொற்பட்டியல் எதுவும் வரவேற்காது. முதல் இயலான கிளவியாக்கமே சொற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி நிற்க வேண்டும் என்பதில் தொடங்குகிறது. உயர்திணைப் பெயருக்கு அஃறிணை வினை ஒட்டாது. பால் மாறினால் தொடர் வழுவாகும். வேறு வேறு வினைகளை ஏற்கும் பொருள்களைச் சேர்த்து ஒரு பொதுப்பெயரால் சொல்லும்போது, அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைக் கொடுக்கக் கூடாது. கடித்துத் தின்பதும், நக்கிச் சுவைப்பதும், பருகுவதும் கலந்த உணவைச் சொல்லிவிட்டுப் 'பருகினார்' என்று முடித்தால் தவறு. எல்லாவற்றுக்கும் பொதுவான வினை வேண்டும். எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதை இவ்வளவு நுட்பமாகக் கவனித்த ஒருவருக்கு, சொல் என்பது தொடருக்குள் நிற்கும் உறுப்பு என்பதில் ஐயமே இருந்திருக்காது.

இன்னொன்றும் அதே சொல்லதிகாரத்தில் வருகிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். பொருள் கை மாறுவது ஒன்றுதான். யாரை நோக்கி மாறுகிறது என்பது வினையையே மாற்றிவிடுகிறது. மலையாளத்தில் இந்த வேறுபாடு இன்றும் அசையாமல் நிற்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் 'எனக்குத் தா, அவனுக்குக் குடு' என்று இப்போதும் காதில் விழும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் 'எனக்குக் குடு' வந்துவிட்டது. தா என்ற சொல் அகராதியில் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, கடிதத்தில் இருக்கிறது. சொல் சாகவில்லை. அதற்குரிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. மொழி மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். எண்ணிக்கையில் எதுவும் குறைந்ததாகத் தெரியாது.

நிகண்டிலிருந்து அகராதிக்கு வந்த பாதை நீளமானது. அதை விரைந்து கடந்துவிடலாம். 1594-இல் சிதம்பர இரேவண சித்தர் முதலெழுத்து வரிசையில் சொற்களை அடுக்கி அகராதி நிகண்டு செய்தார். 1732-இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகளாகச் சதுரகராதியை அமைத்தார். அதில் சொல் செய்யுளை விட்டு வெளியே வந்தது. பெப்ரீசியசின் தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் சென்னை வேப்பேரியில் அச்சேறியது. 1842-இல் மானிப்பாய் அகராதி யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. 1862-இல் வின்சுலோவின் பெரிய அகராதி சென்னையில் வந்தது. வேதம் சொல்ல வந்தவர்களுக்குத் தமிழரின் பேச்சு புரிய வேண்டியிருந்ததால், இந்த அகராதிகளில் சிலவற்றில் புலவர் வீட்டுச் சொற்களோடு சந்தைச் சொற்களும் நுழைந்தன. அதற்காகத் தமிழ் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

பிறகு வந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1913-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லரின் பொறுப்பில் வேலை தொடங்கியது. 1926-இல் பதிப்பாசிரியர் பொறுப்பு ச. வையாபுரிப் பிள்ளையிடம் வந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் இணைப்புத் தொகுதி. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சொற்களுக்குப் பொருளை ஆங்கிலத்திலும் தமிழிலும் தந்து, நூல்வழக்குச் சொற்கள் எந்த நூலில் வந்தன என்பதையும் காட்டியது. யாழ்ப்பாண வழக்குக்குத் தனிக் குறி இட்டது. பேச்சு வழக்குக்கும் குறி இட்டது. பழைய நூல் ஒன்றைப் படிக்கும்போது ஒரு சொல் தட்டினால் இன்றைக்கும் கை அதைத்தான் தேடுகிறது. கணினியும் சேமிப்பகமும் இல்லாத காலத்தில், ஓலைச்சுவடியிலிருந்து அப்போதுதான் அச்சுக்கு ஏறிக்கொண்டிருந்த சங்க நூல்களையும் சேர்த்து ஒரு குழு இதைச் செய்து முடித்தது. அந்த உழைப்பின் முன் தலை தாழ்கிறது.

பேரகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பது அதன் பொருளும் மேற்கோளும். நிகண்டைவிட இது பெரிய முன்னேற்றம். பழஞ்சொல்லுக்கு அதன் பாட்டு அடையாளம் காட்டப்பட்டது. ஆனால் அன்றாடச் சொல்லுக்கு? நேற்று ஒரு தெருவில் ஒருவர் சொன்ன வாக்கியத்துக்கு அந்த ஏழு தொகுதிகளில் போதிய இடம் இல்லை. அந்தக் காலத்தின் அறிவுலகம் சொல்லிடம் கேட்ட முதற்கேள்வி வேறாக இருந்தது: நீ எங்கே பிறந்தாய்?

அந்தக் கேள்விதான் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். பேரகராதி வடசொற்களுக்கு இடம் கொடுத்த விதத்தையும், தமிழ்ச் சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டிய விதத்தையும் தேவநேயப் பாவாணர் கடுமையாக எதிர்த்தார். 1974-இல் தமிழக அரசு அவரையே இயக்குநராக்கிச் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. வேர் தேடும் பணிக்கு ஒரு வாழ்நாளையே கொடுத்தவர் அவர். அந்தப் போராட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. தன் மொழியில் பேசினாலே தாழ்வு என்று கருதப்பட்ட காலத்தில், நம் சொல்லே நமக்குப் போதும் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

அந்த இயக்கமும், அதன் பின்னால் வந்த அரசியல் மேடையும் செய்துகாட்டிய மாற்றம் உலக மொழிகளின் வரலாற்றில் கவனிக்கத் தக்கது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பொதுக்கூட்டத்துக்கு அக்கிராசனர் இருந்தார், காரியதரிசி அறிக்கை வாசித்தார், பொக்கிஷதார் கணக்குச் சொன்னார், பிரசங்கி பிரசங்கித்தார், ஜனங்கள் கேட்டார்கள். தேர்தலில் நின்றவர் அபேட்சகர். இன்று அதே கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், சொற்பொழிவாளர், மக்கள். தேர்தலில் நிற்பவர் வேட்பாளர். நமஸ்காரம் போய் வணக்கம் வந்து, ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. இரண்டு தலைமுறைகளுக்குள் பொதுவாழ்வின் சொற்கூட்டம் பெருமளவு மாறிப்போயிற்று.

மாறாமல் இருந்தது எது என்று பார்த்தால்தான் மொழியின் உடம்பு தெரியும். காரியதரிசியை அழைத்தார்கள், செயலாளரை அழைத்தார்கள். ஐ உருபு அங்கேயே இருக்கிறது. அழை, த், த், ஆர்கள் என்று காலத்தையும் இடத்தையும் எண்ணையும் சொல்லும் உறுப்புகள் அங்கேயே இருக்கின்றன. வினை கடைசியில்தான் நிற்கிறது. பெயர்கள் வந்து போயின, தமிழ் என்ற அமைப்பு ஓர் இழைகூட அசையவில்லை. இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவர் 'அப்ளை பண்ணிட்டேன், இன்னும் ரிப்ளை வரல' என்று சொல்லும்போதும் இதுதான் நடக்கிறது. கொண்டுவந்த சொற்கள் எல்லாம் ஆங்கிலம். 'பண்ணு' என்ற ஒரு வினை அவற்றுக்கு வாசல் திறக்கிறது. விட்டேன் என்பது 'ட்டேன்' என்று குறுகி, வேலை முடிந்துவிட்டது என்பதையும் முடித்தது நான் என்பதையும் சொல்கிறது. அந்த வாக்கியம் தமிழ்தான். சுருக்கமாகச் சொன்னால், பண்ணுவதும் விடுவதும் இருக்கும்வரை அது தமிழ்.

நான் ஆங்கிலக் கலப்புக்கு வழக்காட வரவில்லை. நல்ல சொல் இருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறு சொல்லைத் தேடுவது சோம்பல். ஆனால் நாம் காவல் நின்ற வாசலும் மொழிக்கு அடி விழுந்த வாசலும் வேறு வேறு. சொல் எங்கிருந்து வந்தது என்று வாசலில் நிறுத்திக் கேட்டோம். வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

சொல்லைத் தனியே எடுத்தால் என்ன தவறிப்போகும் என்பதற்குப் பெரிய சான்று எதுவும் வேண்டாம். கிளை முறியும், பானை உடையும், கயிறு அறும், துணி கிழியும், முருங்கைக் கொம்பு ஒடியும், அப்பளம் நொறுங்கும், சுவர் இடியும், கண்ணாடியில் விரிசல் விழும். முழுமையாக இருந்த ஒன்று முழுமை இழப்பது ஒன்றே. பொருளின் தன்மை பார்த்துத் தமிழ் வினையை மாற்றுகிறது. நார் உள்ளது எப்படிப் பிரியும், மண்ணால் ஆனது எப்படிப் பிரியும், இழையால் ஆனது எப்படிப் பிரியும் என்று இந்த மொழியைப் பேசியவர்கள் கையால் தொட்டுப் பார்த்து வைத்திருக்கிறார்கள். கயிற்றையும் துணியையும் பானையையும் ஒரே வினையால் உடைக்கிற ஒரு பிள்ளைக்குச் சொல் எண்ணிக்கையில் குறை ஒன்றும் இருக்காது. முறி, அறு, கிழி மூன்றுக்கும் பொருள் கேட்டால் சொல்லவும் கூடும். எது எதனோடு சேரும் என்பதுதான் அதன் காதில் விழாமல் போயிருக்கிறது.

'கைநீட்டு' என்பதைப் பாருங்கள். கை தெரியும், நீட்டுவது தெரியும். 'பிள்ளை மேல் கைநீட்டாதே' என்றால் அடிக்காதே. 'கடைசி வரைக்கும் யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தார்' என்றால் உதவி கேட்கவில்லை. 'கைநீட்டிச் சம்பளம் வாங்குகிறேன், வேலை செய்யாமல் இருக்க முடியுமா' என்றால் அங்கே கடமை பேசுகிறது. கை என்ற சொல்லுக்குள்ளும் நீட்டு என்ற சொல்லுக்குள்ளும் எவ்வளவு தோண்டினாலும் இந்த மூன்றும் கிடைக்கா. மேல், இடம் என்ற சின்னச் சொற்களும், யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்பதும் சேர்ந்தே அவற்றைத் தருகின்றன. போடு என்ற வினை இன்னும் விரிந்தது: கோலம், தாழ்ப்பாள், சண்டை, காப்பி, மொட்டை, கையெழுத்து, ஓட்டு, மாத்திரை. இவை அனைத்தையும் போடுகிறோம். ஒரு மொழியை வெளியிலிருந்து கற்கிறவர் திகைத்து நிற்பது இங்கேதான். உள்ளே பிறந்தவர் யோசிக்காமல் நடந்து போவதும் இங்கேதான்.

இந்த இடத்தைக் கண்டுகொண்ட முதல் பெரிய முயற்சி க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதற் பதிப்பு 1992. அளவில் பேரகராதிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் அது வேறு கேள்வியோடு புறப்பட்டது. பிறப்பை விட்டுவிட்டு, இன்றைக்கு எழுதப்படும் தமிழில் இந்தச் சொல் எப்படி வாழ்கிறது என்று கேட்டது. கதை, கட்டுரை, இதழ், பாடநூல் எனத் தற்கால எழுத்திலிருந்து சொற்கள் வந்த வாக்கியங்களைத் தொகுத்து, அவற்றை வைத்துக்கொண்டு பொருளை வகுத்தது. பொருளை விளக்க எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்தது. இலங்கை வழக்குக்கு இடம் கொடுத்தது. பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் இந்த வேலையை விடவே இல்லை. 2008-இல் இரண்டாம் பதிப்பு. 2020-இல் மூன்றாம் பதிப்பு. அந்த ஆண்டு நவம்பரில் கொரோனாத் தொற்றுக்கு ஆளாகி அவர் மறைந்தார். மொழி அறக்கட்டளை 1997-இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதியும் இதே வழியில் வந்தது. அதில் தலைச்சொல்லாக நிற்பதே தொடர்தான்.

இதோடு சேர்த்து எண்ண வேண்டியவை வட்டார அகராதிகள். கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பின்னர்ப் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் செய்தார்கள். மூவரும் கதைக்காரர்கள் என்பது தற்செயல் அல்ல. சொல்லைத் தனியே பிடுங்கி எடுத்தால் வேரில் ஒட்டிய மண் உதிர்ந்துவிடும் என்பது கதை எழுதுகிறவருக்குக் கை அறிந்த உண்மை. ஒரு சொல்லைச் சொன்னவுடன் அதை யார் சொல்வார், எந்த வேலையின் நடுவில் சொல்வார் என்பதும் அவர் நினைவில் எழுந்துவிடும். இவர்களுக்குப் பல்கலைக்கழகக் குழு இல்லை, அரசுத் திட்டம் இல்லை. ஊர்க்காரர்களும் நண்பர்களும் இருந்தார்கள்.

இன்று நிகண்டு ஓதும் திண்ணை இல்லை. பேரகராதியும் வின்சுலோவும் பெப்ரீசியசும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் தேடக் கிடைக்கின்றன. முன்பு நூலகத்தில் நின்று தூக்க முடியாமல் தூக்கிப் பார்த்த தொகுதிகள், பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் திறக்கின்றன. இதைவிட நல்ல காலம் சொற்களுக்கு வாய்த்ததில்லை. 2011-இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. இப்போதுள்ள மொழிக் கருவிகள் சொல்லுக்குப் பொருள் எழுதி வைத்துக்கொண்டு இயங்குவதில்லை. கோடிக்கணக்கான வாக்கியங்களில் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வருகிறது என்பதைக் கணக்கிட்டே அடுத்த சொல்லை எடுக்கின்றன. சொல் அதன் சுற்றத்தால் அறியப்படும் என்ற எண்ணம் இயந்திரத்துக்குள்ளேயே போய்விட்டது.

ஆனால் இயந்திரம் அதன் சுற்றத்தை எங்கிருந்து பெறுகிறது என்பது என்னை உறுத்துகிறது. இணையத்தில் உள்ள தமிழில், தமிழில் எண்ணி எழுதியது எவ்வளவோ இருக்கிறது. ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றியதும் ஏராளம். தமிழ்ச் சொல்லைக் கருவிகள் அறுக்கும் விதமும் நம் இலக்கணம் அறுக்கும் விதம் அல்ல. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பதை நம் பகுபத இலக்கணம் பகுதி, இடைநிலை, விகுதி, உருபு என்று மூட்டில் பிரிக்கும். கருவி, எந்த எழுத்துக்கோவை அடிக்கடி வருகிறது என்று பார்த்து நடுவில் எங்காவது வெட்டும். ஒரு வினையடி ஆயிரக்கணக்கான வடிவம் எடுக்கும் மொழியில் இது சிறு குறை அல்ல. நிறையத் தமிழ் கிடைத்தால் இந்தக் குறையைக் கருவி தாண்டிவிடும். கிடைக்கும் தமிழே வளைந்திருந்தால் எப்படித் தாண்டும்?

வளைவைக் காண வெகுதூரம் போக வேண்டாம். 'உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிக்கப்பட்டது.' பணம் போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தான் இந்தப் பாடு. 'இந்த மாத்திரை உணவுக்குப் பின் எடுக்கப்பட வேண்டும்.' சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று எந்த ஊர் மருந்துக்கடைக்காரரும் சொல்வார். 'உங்கள் கோரிக்கை சமர்ப்பிக்கப்பட்டுள்ளது.' மனு வந்து சேர்ந்தது. இவற்றில் ஆங்கில எழுத்து ஒன்றுகூட இல்லை. பரிவர்த்தனையையும் சமர்ப்பித்தலையும் எடுத்துவிட்டுத் தனித்தமிழ்ச் சொற்களைப் போட்டாலும் இந்த வாக்கியங்கள் நேராகா. 'படு' என்ற துணைவினை செய்தவரை மறைத்துவிடுகிறது. 'வெற்றிகரமாக' என்பதற்கு அங்கே வேலையே இல்லை. சொல் எல்லாம் தமிழ், கோத்த கை தமிழ்க் கை அல்ல.

இது வெறும் நடைக்குறை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வங்கியிலிருந்து வந்த தமிழ்க் குறுஞ்செய்தியைப் படித்துவிட்டு, பணம் போயிற்றா இல்லையா என்று பேரனைக் கேட்கும் பெரியவருக்குத் தமிழ் தெரியாதா? ஓய்வூதியப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் அம்மாவுக்கு ஒரு நாளில் எத்தனை நூறு வாக்கியங்கள் பிழையில்லாமல் வாயில் வருகின்றன! அவர்களுக்காகத்தான் தமிழில் எழுதினோம். அவர்களுக்கே புரியாமல் எழுதினோம். அக்கிராசனர் காலத்து வடசொல் நடை சாமானியரை வெளியே நிறுத்தியது என்று போராடியே அதை மாற்றினோம். இன்றைய மொழிபெயர்ப்பு நடையும் அதே ஆட்களைத்தான் வெளியே நிறுத்துகிறது.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்த கோவை எல்லாம் கெட்டதில்லை. 'நடவடிக்கை எடு', 'முடிவு எடு' இரண்டும் ஆங்கிலத்தைப் பார்த்து வந்தவைதான். இன்று பஞ்சாயத்துத் தலைவரும் சொல்கிறார், செய்தித்தாளும் எழுதுகிறது, யாருக்கும் புரியாமல் இல்லை. மொழி தனக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ளும். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் காலம் ஒன்று உண்டு. வாய் வாயாகப் போய், தேய்ந்து, பொருந்தி அமர வேண்டும். ஒரே இரவில் கோடிக் கைப்பேசிகளில் ஒரே வாக்கியம் போய் விழுந்தால், அந்தத் தேய்மானத்துக்கு வாய்ப்பே இல்லை. அதிகாரத்தோடு வருவதால் அதுதான் சரியான தமிழ் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வுத் தாளிலும் அப்படியே எழுதுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் சொல் கற்பிக்கும் முறையை மாற்றினால் பாதிக் குறை தீரும் என்று நம்புகிறேன். நிகண்டு நாளிலிருந்து இன்றைய வினாத்தாள் வரைக்கும் 'பொருள் தருக', 'எதிர்ச்சொல் தருக', 'வேறு பெயர்கள் எழுதுக' என்றே கேட்டு வருகிறோம். வாக்கியத்தில் அமைக்கச் சொல்வதும் உண்டு, ஆனால் அது இரண்டு மதிப்பெண்ணோடு முடிந்துபோகும். பிள்ளையிடம் 'அறு' என்றால் என்ன என்று கேட்பதை விட்டு, எவையெல்லாம் அறும் என்று கேளுங்கள். கயிறு என்பான், செருப்பு என்பான், உறவு என்றும் ஒருத்தி சொல்வாள். அந்தக் கணத்தில் அவர்கள் படிப்பது சொல்லை மட்டும் அல்ல.

சொல் சேகரிக்கும் ஆர்வலர்கள் இன்று ஊர்தோறும் இருக்கிறார்கள். தறிக்காரர் சொல், மீனவர் சொல், உப்பளத்துச் சொல் என்று முகநூலிலும் குறிப்பேட்டிலும் எழுதி வைக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சொல்லையும் அதற்கு நேர் பொருளையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தச் சொல் வந்த வாக்கியத்தை, சொன்னவர் வாயில் வந்தபடியே, முழுதாக எழுதுங்கள். யார், யாரிடம், எந்த வேலை நடக்கும்போது சொன்னார் என்பதையும் கீழே ஒரு வரியில் குறித்து வையுங்கள். பேசியவர் சம்மதித்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். அடுத்த அகராதிக்காரருக்கும், அடுத்த கருவியைக் கட்டுகிறவருக்கும், தறியையே பார்த்திராத பேரப்பிள்ளைக்கும் உதவப்போவது அந்த முழு வாக்கியந்தான்.